நாட்டுக்கு நாடு அறிவுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: மும்பைத் தமிழர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மாட்டுங்கா வாசி எழுதியது:

எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பட்டியல் வந்தது. நாடுகளின் சராசரி ஐக்யூவாம், அதாவது அறிவுத்திறன் சோதனையில் வரும் எண். மேலே ஜப்பானும் சிங்கப்பூரும், இந்தியா 80ஐ ஒட்டி எங்கோ கீழே. அனுப்பியவர் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "இந்த மூளையை வைத்துக்கொண்டு இலவசத்துக்கு ஓட்டுப் போடாமல் வேறென்ன செய்வார்கள்?" பலர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நம் ஆள் ஒருவர், "தமிழர்களைத் தனியாக எடுத்தால் எண் கூடும்" என்று எழுதினார். அதற்கும் கட்டைவிரல்.

எனக்கு இது உறுத்துகிறது. ஒரு நாட்டுக்கே, ஒரு மொழிக்காரர் அத்தனை பேருக்குமே ஒரே மூளை அளவு என்றும், அவர்களுடைய அரசியல் அதிலிருந்து முளைக்கிறது என்றும் படித்தவர்கள் கூசாமல் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு என்ன செய்யும் என்று மும்பையில் இருக்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பால் தாக்கரே 1960இல் தொடங்கிய மார்மிக் வார இதழில், இந்த ஊர் அலுவலகங்களில் பதவியில் இருந்தவர்களின் பெயர்கள் பட்டியல் பட்டியலாக வந்தன. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். 1966 ஜூன் 19இல் சிவசேனா பிறந்தது. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' (ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு) என்ற கோஷம் தெருவுக்கு வந்தது. மதராஸி முட்டாள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. மதராஸி கெட்டிக்காரன், கணக்கில் புலி, இங்கிலீஷ் தெரிந்தவன், அதனால் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்றுதான் சொன்னார்கள். பாராட்டுத்தான் குற்றச்சாட்டாக மாறியது.

ஒரு கூட்டத்தின் அறிவைப் பற்றிய முத்திரை, கல்வி, ஓட்டு அரசியல் மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பேசலாமா?

செம்பூர்க்காரர் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் உணர்ச்சிவசப்பட்டு உண்மையை மறைக்க வேண்டாம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டியல் சரியா தப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். படிப்புக்கும் ஓட்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியுமா? 2016இல் நெவாடாவில் ஜெயித்த அன்று டிரம்ப் மேடையிலேயே, குறைவாகப் படித்தவர்களை நான் நேசிக்கிறேன் என்றார். அதே ஆண்டு பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக ஓட்டுப் போட்டபோது பட்டதாரிகள் குறைவாக இருந்த பகுதிகளில்தான் விலகும் பக்கம் அதிகம் விழுந்தது. நம் மகாராஷ்டிராவில் 2024 சட்டசபைத் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு லாட்கி பஹீண் திட்டம், பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய். முடிவு எல்லோருக்கும் தெரியும், ஆளும் கூட்டணியே மறுபடி ஜெயித்தது. இதைப் பார்த்துவிட்டு, மக்களுக்குப் படிப்பு போதவில்லை என்று ஒருவன் சொன்னால் அவன் வெறுப்பைப் பரப்புகிறான் என்று சொல்லிவிடலாமா?

கோலிவாடா தம்பி எழுதியது:

செம்பூர் ஐயா, உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பட்டியலையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டேட்டா வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

இந்தப் பட்டியல்களுக்கெல்லாம் மூலம் 2002இல் வந்த ஒரு நூல். 185 நாடுகளுக்கு எண் கொடுத்தார்கள். அதில் 81 நாடுகளுக்குத்தான் ஏதோ ஒரு சோதனை முடிவு கையில் இருந்தது. மீதி 104 நாடுகளுக்குப் பக்கத்து நாட்டை வைத்து ஊகம். இருந்த சோதனைகளும் என்ன லட்சணம் என்று கேளுங்கள். எக்குவடோரியல் கினி என்ற ஆப்பிரிக்க நாட்டுக்குக் கொடுத்த எண், ஸ்பெயினில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் இல்லத்தில் எடுத்த சோதனையிலிருந்து வந்தது. ஒரு நாட்டின் மொத்த மக்களுக்கும் அதுதான் மதிப்பெண்! எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு அறிக்கை கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, இந்த எண் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. நெதர்லாந்தில் ராணுவத்துக்கு வந்த பதினெட்டு வயதுப் பையன்களுக்கு ஒரே சோதனையைப் பல ஆண்டுகள் வைத்தார்கள். 1952க்கும் 1982க்கும் நடுவில் சுமார் 20 புள்ளி ஏறியிருந்தது. ஜேம்ஸ் ஃப்ளின் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் பல நாடுகளில் இதே ஏற்றத்தைக் காட்டினார். முப்பது ஆண்டில் டச்சுக்காரனுக்குப் புது மூளை முளைத்துவிடாது. பள்ளிக்கூடம் மாறியது, சாப்பாடு மாறியது, நோய் குறைந்தது.

உப்பில் இருக்கும் அயோடினையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு அது போதவில்லை என்றால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். அதனால்தான் இந்தியா 1962இலேயே கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பெட்ரோலில் கலந்த ஈயமும் அப்படித்தான் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். நம் நாட்டில் அது 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் நின்றது. கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் அதற்கு முன்பு வளர்ந்த பிள்ளைகள் எதை மூச்சில் இழுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆக, அந்த எண்ணில் ஏதாவது அளக்கப்படுகிறது என்றால், ஓர் அரசாங்கம் தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதுதான் அதில் பெரும்பங்கு.

முலுண்ட் ஆச்சி எழுதியது:

தம்பி கணக்காகச் சொல்லிவிட்டார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தவர். எஸ்எஸ்எல்சி, டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட். அவ்வளவுதான் அவருடைய சொத்து. மதராஸ் ராஜதானியில் இங்கிலீஷ் படிப்பு முன்னாடியே வந்துவிட்டது. 1857இல் பம்பாய், கல்கத்தா, மதராஸ் மூன்று ஊரிலும் சர்வகலாசாலை. ஆனால் பம்பாய்க்கு வியாபாரம் இருந்தது, மில் இருந்தது. எங்கள் பக்கத்தில் படித்தவனுக்கு குமாஸ்தா உத்தியோகத்தை விட்டால் கதியில்லை. அங்கே பிராமணப் பையன்களுக்கு அரசு வேலையில் இடம் சுருங்கியதும் ரயிலேறி இங்கே வந்தார்கள். வந்தவன் எல்லாம் பரீட்சை பாஸ் செய்தவன். பாஸ் செய்யாதவன் ஊரிலேயே இருந்தான். அவனை பம்பாய் பார்க்கவில்லை. பார்த்தவர்களை வைத்து, மதராஸி என்றால் புத்திசாலி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கலவர நாட்களில் எங்கள் தெரு ஓட்டலில் கல் விழுந்தது. கண்ணாடி நொறுங்கிய மறுநாளும் அப்பா ஆபீஸ் போனார். வேட்டி கட்டாமல் பேண்ட் போட்டுக்கொண்டு போனார். எங்களை வெளியே தமிழில் கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். புத்திசாலி என்ற பெயர் எங்களுக்கு அன்று ஒரு பாதுகாப்பும் தரவில்லை.

தாராவி செல்வி எழுதியது:

ஆச்சி, உங்கள் அப்பா கதையைப் படித்து மனசு கனத்தது. ஆனால் இந்த இழையில் இதுவரை பேசினதெல்லாம் மாட்டுங்காத் தமிழர் கதை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்களும் இருக்கிறோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள். தலித்துகள், நாடார்கள், முஸ்லிம்கள். மாட்டுங்காவிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். 'மதராஸிக்கு மூளை அதிகம்' என்று யாரும் எங்களைப் பார்த்துச் சொன்னதில்லை. எங்களுக்குக் கிடைத்த முத்திரை வேறு: முரடர்கள், சாராயம், ஜோபட்பட்டி என்ற குடிசைப் பகுதி. அதே மொழி, அதே மாநிலம். ஒரு பக்கம் பிறவி அறிவாளி, இன்னொரு பக்கம் பிறவி ரவுடி. மொழிக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே மூளை என்றால் இது எப்படி? அடி விழுந்தபோது மட்டும் இரண்டு பேரும் மதராஸிதான்.

தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் 1932இலேயே பள்ளி தொடங்கிவிட்டது. எங்களுக்கு மாநகராட்சிப் பள்ளிதான். தமிழ்வழி வகுப்பு இருந்தது, அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ், தமிழ் என்று இத்தனை மொழியில் பள்ளி நடத்துகிற மாநகராட்சி வேறு எங்கே இருக்கிறது? ஆனால் என் வகுப்பில் தமிழ்வழியில் நடுநிலை முடித்த பெண்பிள்ளைகள் பலர் அதோடு நின்றார்கள். மேலே தமிழில் படிக்கப் பக்கத்தில் இடமில்லை, இங்கிலீஷ் பள்ளிக்குப் பணமில்லை, மராத்திப் பள்ளியில் உட்கார்ந்தால் புரியவில்லை. என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டவள் ஒருத்தி இன்று வடாலாவில் வீட்டு வேலை செய்கிறாள்.

செம்பூர் சார், 1500 ரூபாய் வாங்கினவர்களில் அவளும் உண்டு. அந்தப் பணத்தில் மகனுக்கு டியூஷன் பீஸ் கட்டுகிறாள். யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு பைசா தந்த முதல் ஆள் இவர்கள்தான் என்று அவள் சொன்னால், அதில் எங்கே முட்டாள்தனம்? வருமான வரிச் சலுகை தந்த கட்சிக்கு ஓட்டுப் போடுகிற பட்டதாரியின் மூளையை யாரும் அளப்பதில்லையே.

நெருல் பொறியாளர் எழுதியது:

ஆச்சி சொன்ன வடிகட்டல் அப்படியே அமெரிக்காவிலும் நடந்தது. பல ஆண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அங்கே போன இந்தியர்கள் பெரும்பாலும் பட்டம், மேல்பட்டம் வாங்கியவர்கள். இன்று அங்கே இருக்கிற வயதுவந்த இந்தியர்களில் சுமார் நாலில் மூவர் பட்டதாரிகள். இந்தியாவிலேயே அப்படி ஒரு தெரு கிடைப்பது கஷ்டம். அதைப் பார்த்துவிட்டு அமெரிக்கர்கள் 'இந்தியர்களுக்குக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கிறது' என்கிறார்கள். நம் ஆட்களும் தலையாட்டிக்கொண்டு, 'அமெரிக்கர்கள் மந்தம், அதனால்தான் அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்' என்கிறார்கள். நாம் சம்பாதிக்கப் போன பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் கட்டியது அந்த 'மந்தமான' மக்கள்தானே!

என் மகனுக்கு அங்கே கணக்கு வரவில்லை. ஆசிரியை என்னிடம், உங்கள் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்காது என்று நினைத்தேன் என்றார். ஒரு வருடம் அவனைக் கவனிக்காமலே விட்டுவிட்டார்கள். நல்ல முத்திரையும் ஒரு குழந்தையை இப்படித்தான் தனியாக விட்டுவிடும்.

கோலிவாடா தம்பி எழுதியது:

"தமிழர்களைத் தனியாக எடுத்தால் எண் கூடும்" என்றாரே ஒருவர், அவருக்காக இது. தமிழர்களைத் தனியாக எடுத்தே பார்த்திருக்கிறார்கள். பதினைந்து வயது மாணவர்களுக்கு உலக அளவில் நடக்கும் பீசா தேர்வு. 2009 சுற்றின் தொடர்ச்சியாக இந்தியாவிலிருந்து இரண்டே மாநிலங்கள் கலந்துகொண்டன: தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 இடங்களில் தமிழ்நாடு 72, இமாச்சல் 73. கணக்கில் தமிழ்நாட்டுக்கு 351, அதே சுற்றில் ஷாங்காய்க்கு 600. அதற்கப்புறம் இந்தியா அந்தத் தேர்விலிருந்தே விலகிக்கொண்டது. ராமானுஜனும் சி.வி. ராமனும் பிறந்த மண் என்று மேடையில் பேசுவது ஒன்று, அந்த மண்ணில் சாதாரணப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு பத்தி படித்துப் புரிகிறதா என்பது வேறு.

செம்பூர்க்காரர் எழுதியது:

அந்த பீசா முடிவை அப்படியே ஏற்க முடியாது. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாதவை என்று மத்திய அரசே சொன்னது. அதே தமிழ்நாட்டில்தான் 2021-22 கணக்கின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய அளவில் 28.4. ஒன்றரை மடங்குக்கும் மேல். தரம் மோசம் என்றால் இத்தனை பேர் கல்லூரிக்கு எப்படிப் போனார்கள்?

கோலிவாடா தம்பி எழுதியது:

இரண்டும் உண்மை ஐயா. கேள்வி அந்நியமாக இருந்தது ஓரளவுக்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் 350க்கும் 600க்கும் உள்ள தூரத்தை அது மூடாது. பள்ளிக்குள் கொண்டுவந்தது ஒரு வேலை, உட்கார வைத்து மனப்பாடம் இல்லாமல் சொல்லிக்கொடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைத் தமிழ்நாடு நன்றாகச் செய்தது. இரண்டாவது பாக்கி. 'நாங்கள் பிறவியிலேயே புத்திசாலிகள்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை அந்த பாக்கி யார் கண்ணிலும் படாது.

தாராவி செல்வி எழுதியது:

அந்த முதல் வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் 'கவர்ச்சி அரசியல்' என்று இங்கே திட்டுகிறதற்கு நேர் எதிர்ச் சாட்சி அது.

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தோல் வேலைக்காரன் பிள்ளை தோல் வேலையே கற்கட்டும் என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள். அதை யோசித்தவர் படிக்காதவர் இல்லை, நாட்டிலேயே பெரிய அறிவாளி என்று பெயர் எடுத்தவர். 1954இல் காமராஜர் முதல்வராக வந்து அதைக் கைவிட்டார். சிறுவயதிலேயே படிப்பை நிறுத்தியவர் அவர். 1956இல் மதிய உணவு. 1982இல் எம்ஜிஆர் அதைச் சத்துணவாக விரித்தபோது, மாநிலம் திவாலாகும், ஓட்டுக்காகச் சோறு போடுகிறார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். 2022இல் காலைச் சிற்றுண்டி வந்தபோதும் அதே குரல் கேட்டது. நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த 47க்குள் இந்தச் சோறும் இருக்கிறது சார்.

மாட்டுங்கா வாசி எழுதியது:

செல்வி அக்கா சொன்னதோடு ஒட்டி ஒரு அயர்லாந்துக் கதை. எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியாது.

இங்கே சர்தார்ஜி ஜோக் சொல்வதுபோல் பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக ஐரிஷ் ஜோக் சொன்னார்கள். அந்த ஐக்யூ பட்டியலைத் தயாரித்தவர்களில் ஒருவர் டப்ளினில் வேலை பார்த்தவர். ஐரிஷ்காரர்களுக்கு ஆங்கிலேயரைவிட அறிவு குறைவு என்று ஆய்வு என்ற பெயரிலேயே எழுதினார். அதே காலத்தில், 1966 செப்டம்பரில், அயர்லாந்தின் கல்வி அமைச்சர் டோனா ஓமாலி ஒரு கூட்டத்தில் எழுந்து, இனி மேல்நிலைக் கல்வி எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தார். நிதித்துறையின் ஒப்புதலே வாங்கவில்லை! அப்பட்டமான கவர்ச்சி அறிவிப்பு என்று இன்றைக்கு நம் டிவி விவாதத்தில் கிழித்திருப்பார்கள். 1967இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளி பஸ்ஸும் விட்டார்கள். 2022 பீசாவில் வாசிப்பில் சிங்கப்பூருக்கு அடுத்த இடம் அயர்லாந்துக்கு. பிரிட்டன் அதற்குக் கீழே.

சர்தார்ஜி ஜோக் என்றதும் ஞாபகம் வருகிறது. படைக்குப் பஞ்சாபி, படிப்புக்கு மதராஸி என்ற பிரிவினையையே 1857 கலகத்துக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள்தான் சட்டம்போல ஆக்கினார்கள். மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகி, தென்னாட்டுச் சிப்பாய்கள் தேறமாட்டார்கள் என்று ஆள்சேர்ப்பை வடக்கே திருப்பினார். சயான் கோலிவாடாவில் பிரிவினை அகதிகளாக வந்த பஞ்சாபிகளும் நம்மவர்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் வளர்ந்தோம். அவர்கள் எங்களை இட்லி என்றார்கள், நாங்கள் சீக்கியர்களைக் கேலி செய்யும் பன்னிரண்டு மணி ஜோக்கை அவர்களிடம் சொன்னோம். யாரோ ஒட்டிய சீட்டை நாங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

செம்பூர்க்காரர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் என் அடிப்படைக் கேள்விக்குப் பதில் வரவில்லை. படித்த சமூகம் வெறுப்புப் பேச்சில் எளிதில் ஏமாறாது என்று நான் நம்புகிறேன். இல்லையென்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

நெருல் பொறியாளர் எழுதியது:

ஜெர்மனி, சார். உலகத்திலேயே சிறந்த பல்கலைக்கழகங்கள், நோபல் பரிசுகள் குவிந்த நாடு. அங்கே ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1931இல், தேசிய மாணவர் அமைப்பின் தலைமை நாஜி மாணவர் சங்கத்தின் கைக்குப் போய்விட்டது. மாணவர்கள் நாட்டுக்கு முன்னே ஓடினார்கள்.

முலுண்ட் ஆச்சி எழுதியது:

ஜெர்மனி வரை எதற்கு? 1977ஐப் பாருங்கள். 1971 கணக்கெடுப்பில் நாட்டில் மூவரில் ஒருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். நெருக்கடி நிலையைத் தளர்த்தித் தேர்தல் வைத்ததும் உத்தரப் பிரதேசத்தில் 85 இடத்திலும் காங்கிரஸுக்குப் பூஜ்யம். பீகாரிலும் பூஜ்யம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் கும்பல் கும்பலாகப் போய் எங்களை மிரட்டினவர்கள் வேண்டாம் என்று குத்தினார்கள். நம் தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கு 39இல் 34. அவர்களைவிட நாம் படித்தவர்கள். வடக்கே நடந்த கொடுமை இங்கே அவ்வளவு இல்லை என்பார்கள், இருக்கட்டும். ஆனால் 'பீகாரிக்கு என்ன தெரியும்' என்று நம் பிள்ளைகள் பேசும்போது எனக்கு அந்த 1977தான் நினைவுக்கு வரும்.

தாராவி செல்வி எழுதியது:

ஆச்சி, அதே பீகாரிப் பையன்கள்தான் 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத இந்த ஊருக்கு வந்து, தேர்வு மையத்திலேயே அடி வாங்கினார்கள். நம்மை அடித்தபோது 'ரொம்பக் கெட்டிக்காரர்கள்' என்று காரணம். அவர்களை அடித்தபோது 'நாகரிகம் தெரியாதவர்கள்' என்று காரணம். குற்றச்சாட்டு இரண்டிலும் ஒன்றுதான்: உன் வேலையைப் பறிக்க வந்தான். மராத்திப் பையனுக்கு ஏன் வேலை இல்லை, மில்கள் ஏன் மூடின, அவன் படித்த மாநகராட்சிப் பள்ளி ஏன் இப்படி இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கோபத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

செம்பூர்க்காரர் எழுதியது:

ஜெர்மனியையும் 1977ஐயும் மறுக்கவில்லை. ஆனாலும் இலவச டிவியையும் சத்துணவையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. தமிழ்நாட்டில் 2006இல் டிவி கொடுத்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பணத்தில் எத்தனை வகுப்பறை கட்டியிருக்கலாம் என்று கேட்பது ஏழையை இழிவுபடுத்துவதா?

தாராவி செல்வி எழுதியது:

இல்லை சார், அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நானும் கேட்கிறேன். டிவியை விட வகுப்பறை பெரிது. 1500 ரூபாயை விட, என் தோழி பிள்ளைக்கு டியூஷனே தேவைப்படாத ஒரு பள்ளி பெரிது. ஆனால் அதைத் திட்டம் போட்டவர்களிடம் கேளுங்கள், பட்ஜெட்டைப் பார்த்துக் கேளுங்கள். வாங்கினவளின் மூளையைப் பற்றிப் பேச்சு வந்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்னொன்று. உங்களுக்கு வங்கி அனுபவம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சமூகக் கூடத்தில் கூடுகிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது. சதவீதம், வட்டி என்றால் பயப்படுகிறார்கள். அவர்கள் அம்மாக்களுக்கும் பாஸ்புக் படிக்கத் தெரிய வேண்டும். வந்து சொல்லித்தருவீர்களா?

செம்பூர்க்காரர் எழுதியது:

எத்தனை மணிக்கு? சயானில் இறங்கினால் நடக்கிற தூரமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்று சொல்லுங்கள். வாதத்தை அங்கே வந்து தொடர்கிறேன், விடமாட்டேன்.

தாராவி செல்வி எழுதியது:

ஐந்து மணி. சயான் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்குங்கள், நடந்தே வந்துவிடலாம். ஒரு பிள்ளையை அனுப்புகிறேன். கோலிவாடா தம்பி, நீங்களும் வாருங்கள். லேப்டாப் இருந்தால் எடுத்து வாருங்கள்.